கழுத்துக்குள் ஒரு காவலாளி

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கும் அணைந்தது.

நான்காம் மாடி ஆய்வுக்கூடத்தில்தான் அம்மாவுக்கு வேலை. அவர் வீட்டில் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அக்காவும் தம்பியும் வந்திருந்தார்கள்.

அக்கா தடவித் தடவி மணியை அழுத்தினாள்.

"பசங்களா, கொஞ்சம் பொறுங்க! சரி பண்றேன்!" மேலிருந்து லிஃப்ட்காரரின் குரல் வந்தது.

"அக்கா, உள்ள இருக்கிற காத்து தீர்ந்துடுமா?"

"தீராதுடா."

அவளுக்கே அது நிச்சயமாகத் தெரியவில்லை.

இருட்டில் அவளுடைய மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. தம்பியின் மூச்சு எங்கே?

"டேய் குண்டூசி!"

கையை நீட்டினாள். அவன் கன்னங்கள் பலூன் மாதிரி உப்பியிருந்தன.

"மூச்சை விடுடா!" உலுக்கினாள். தலையை ஆட்டி மறுத்தான். கடைசியில் 'புஸ்ஸ்' என்று வெடித்து மூச்சு வாங்கினான்.

"உனக்கு மிச்சம் வெச்சேன்கா... முடியல." அழுதேவிட்டான்.

அக்கா அவனை இறுக்கிக்கொண்டாள். விரலை நாக்கில் ஈரமாக்கி, கதவின் இடுக்கில் மெல்ல நகர்த்தினாள்.

"இங்க கை வை."

"ஜில்லுனு இருக்கு!"

"வெளிக்காத்து. வந்துட்டே இருக்கு."

"அப்புறம் ஏன் என்னால மூச்சை அடக்க முடியல?"

"அம்மா ஆராய்ச்சி பண்றாங்களே, கழுத்துக் காவலாளி, அவர் விடமாட்டார். கழுத்து ரத்தக்குழாய் பக்கத்துல, அரிசி அளவுதான் இருப்பார். ஆக்சிஜன் நல்லா கிடைச்சா, நைட்ரிக் ஆக்சைடுனு ஒரு வாயு அவரைத் தட்டிக்கொடுத்து 'சும்மா இரு'ன்னு சொல்லும். ஆக்சிஜன் குறைஞ்சா அந்த வாயுவும் குறைஞ்சிடும். உடனே 'மூச்சு விடு'ன்னு கத்தி ஊரையே கூட்டிடுவார்."

தம்பி கழுத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"மூக்கால மெதுவா இழு. விடு. இப்ப கத்துறாரா?"

இருட்டில் இரண்டு மூச்சுகள் மட்டும் சேர்ந்து கேட்டன.

"முணுமுணுக்கிறாரு" என்றான் தம்பி.

திடீரென்று விளக்கு எரிந்தது. லிஃப்ட் மேலே ஏறியது. கதவு திறந்ததும் அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"பயந்துட்டீங்களாடா?"

தம்பி கண்ணாடியை நீட்டினான். மறு கை கழுத்திலேயே இருந்தது.

"நான் இல்லம்மா, இவர்தான் பயந்து கத்தினார். மெதுவா பேசு, இப்பதான் தூங்குறார்."