சாய்ந்து உறைந்த ரத்தம்

"மேடம், என்னை இந்த ஊர்லயே பூட்டி வெச்சுட்டாங்க," என்றாள் அந்தப் பெண் மருத்துவர், உட்காரும் முன்பே.

தடயவியல் மருத்துவப் பேராசிரியை தலையை மட்டும் நிமிர்த்தினார். மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'நிதானம்'. பக்கத்தில் எழுந்து நின்றுவிட்ட இளம் விரிவுரையாளருக்கு 'அவசரம்'. பெயர் வைத்தவர்கள் பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள்.

அவளை யாரும் பூட்டவில்லை. விடுதி அறைச் சாவி அவள் கையில்தான் இருந்தது. ஆனால் விசா புதுப்பிக்க வாங்கிய பாஸ்போர்ட், இதே பல்கலைக்கழகத்தின் உலக சுகாதாரத் துறைத் தலைவரின் இழுப்பறையில் கிடந்தது. விசாரணை முடியும்வரை அவள் ஊர் திரும்பக் கூடாது, ஆய்வுக்கூடத்திலும் கால் வைக்கக் கூடாது. போனில் "எப்ப வருவே?" என்று கேட்டுக்கொண்டிருந்த மகள் இப்போது "வருவியா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தாள்.

அவள் ஊரில் பெயர் தெரியாத ஒரு காய்ச்சல் கைக்குழந்தைகளை வாரிக்கொண்டு போனது. தாய்மார்களிடம் கெஞ்சிக் கூத்தாடி, குழந்தைகளின் ரத்தத்தைக் குப்பிகளில் எடுத்து உறைய வைத்து, இந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிக்கு வந்தபோது கொண்டுவந்தாள். சில குப்பிகளைப் பரிசோதித்தால், ரத்தம் முழுக்கக் கெட்டுப் போயிருந்தது. ஃப்ரீசர் ஒரு நொடிகூட நிற்கவில்லையாம், நின்றால் அடிக்கும் எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லையாம். அப்படியானால் வழியிலேயே உருகியிருக்க வேண்டும், குற்றம் அவளுடையது. தலைவர் சொல்லிவிட்டார், பல்கலைக்கழகமே நம்பிவிட்டது.

"வழியில உருகுச்சா?" என்று கேட்டார் பேராசிரியை.

"கண் அசராம பார்த்துட்டு வந்தேன் மேடம்."

"சரி, வாங்க பார்ப்போம்."

தலைவரின் அறைக்குப் போகும் நடையில் ஒரு வரவேற்புப் பலகை இருந்தது. அவள் வந்திறங்கிய நாளில் எடுத்த படம்: குப்பிகள் செருகிய ஸ்டாண்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரித்தாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்தாள்.

மூலையில் ஒரு சிறிய குளிர்பெட்டி முனகிக்கொண்டிருந்த அறையில் தலைவர் கனிவாகவே பேசினார். "நல்ல பொண்ணு. அனுபவம் பத்தல, அவ்வளவுதான். தப்பை ஒத்துக்கிட்டா நாளைக்கே ஊருக்கு அனுப்பிடுவேன்." ஃப்ரீசரைப் பார்க்கலாமா என்று பேராசிரியை கேட்டார். "தாராளமா. இந்தப் பொண்ணு வந்ததுக்கு அப்புறம் நான் அந்தப் பக்கமே போகல. பழைய ஃப்ரீசர்தான். கதவை மெல்லப் பிடிங்க, லேசா இழுத்தாலே திறந்துக்கும்."

அவளுக்கு இது காதில் விழவே இல்லை. கண் அந்த இழுப்பறை மேலேயே இருந்தது.

ஃப்ரீசர் அறையை ஆய்வு ஒருங்கிணைப்பாளர் திறந்துவிட்டார். சாவிகள் இரண்டு, ஒன்று அவரிடம், மற்றொன்று தலைவரிடம். எச்சரிக்கை மணியை நிறுத்தவும் அதே சாவிதான். அவர் ஃப்ரீசரின் முன்னால் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றி மூச்சை அடக்கி இழுத்தார். கதவு சட்டென்று திறந்துகொள்ள, நிலைதடுமாறி அவசரத்தின் மேலேயே போய் விழுந்தார்.

"என்ன சார், காளையா அடக்கறீங்க?" என்றார் அவசரம்.

"பனி அப்பிக் கிடக்குமே! ரெண்டு பேர் சேர்ந்து இழுத்தாத்தான் வரும்..."

உள்சுவர்கள் கழுவித் துடைத்த பாத்திரம் போல இருந்தன. அவளுக்கும் வியப்பாக இருந்தது. அவள் ஸ்டாண்டை வைத்த நாளில் விரல் நுழைய இடமில்லாமல் பனி படிந்து கிடந்தது. அதன் பிறகு வெளிநாட்டுப் பார்வையாளர்கள் வந்துபோனார்கள். துறையை உலகப் பயிற்சி மையமாக அறிவிக்கலாமா என்று பார்க்க வந்த குழு அது.

பேராசிரியை கையுறை போட்டு ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்தார். ரத்தம் குப்பியின் அடியில் சமமாக நிற்கவில்லை. அடியிலிருந்து மூடிவரை ஒரே பக்கச் சுவரில் ஒட்டி உறைந்திருந்தது.

"படுத்த நிலையில உருகி, அப்படியே உறைஞ்சிருக்கு!" என்றார் அவசரம். "பயணத்துல பெட்டி சாஞ்சிருக்கும். அப்போ தலைவர் சொன்னது..." வார்த்தையை விழுங்கிக்கொண்டார்.

உதவிக்கு வந்தவர்களும் அவளை அதே பழியில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

"தம்பி, கொஞ்சம் பொறுங்க," என்றார் பேராசிரியை. "ஒரு காலி ஸ்டாண்டை எடுத்துக்குங்க. அப்படியே நடையில இருக்கற படத்தையும் கழட்டிட்டு வாங்க."

சற்று நேரத்தில் எல்லோரும் தலைவரின் அறையில் இருந்தார்கள். பேராசிரியை படத்தை மேசைமேல் வைத்தார்.

"வந்த அன்னிக்கு எடுத்தது. ஒவ்வொரு குப்பியிலயும் ரத்தம் அடியில சமமா உறைஞ்சு நிக்குது. வழியில உருகியிருந்தா இப்படி இருக்காது. உருகினது இங்கே வந்த பிறகுதான்."

"ஃப்ரீசர் நிக்கவே இல்லையே," என்றார் தலைவர்.

"யாரோ நிறுத்தியிருக்காங்க. பார்வையாளருக்குப் பளிச்சுனு தெரியணும்னு பனியை உருக்கிச் சுத்தம் பண்ணியிருக்காங்க. அதுக்கு மணியை நிறுத்தணும், சாவி வேணும். குப்பிகளை வேற எங்கேயாவது வைக்கணும். தம்பி, அந்த ஸ்டாண்டை சாரோட குளிர்பெட்டியில, மேலே ஐஸ் அறையில வைங்க."

நிற்க வைத்தால் நுழையவில்லை. படுக்க வைத்ததும் கச்சிதமாக உள்ளே போனது.

ஒருங்கிணைப்பாளர் மெல்லச் சொன்னார்: "பார்வையாளர் வர்றதுக்கு முந்தின நாள் விடுமுறை, அன்னிக்குக் கட்டடத்துல கரண்ட் இல்ல. ஜெனரேட்டர் ஃப்ரீசர் அறைக்கு மட்டும்தான்."

"கரண்ட் போனப்ப உருகுச்சு, வந்தப்ப மறுபடி உறைஞ்சுது. சாவி இருக்கற இன்னொருத்தர் இவர், கதவு இலகுவானது தெரியாம இழுத்து விழுந்தார். நீங்கதான் 'லேசா இழுத்தாலே திறந்துக்கும்'னு சொன்னீங்க. அந்தப் பக்கமே போகாதவருக்கு அது எப்படித் தெரியும்?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டென்று வயதானவராகத் தெரிந்தார்.

"எடுத்தப்பவும் கல்லு மாதிரி இருந்துச்சு, திருப்பி வெச்சப்பவும் கல்லு மாதிரிதான் இருந்துச்சு, அப்பவே சில குப்பியை நானே பரிசோதனைக்கு அனுப்பிட்டேன். கெட்டது எனக்குத் தெரியாதும்மா. பரிசோதனைக்கு அப்புறம்தான்..." இழுப்பறையைத் திறந்து பாஸ்போர்ட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "இயந்திரக் கோளாறுன்னு முடிச்சுக்கலாம். உன் பேர்ல பழி வராது. இன்னிக்கே கிளம்பு. ரத்தம்தானே, மறுபடி எடுத்துக்கலாம்."

கை நீட்டினால் எட்டும் தூரம். மகளின் குரல் காதில் ஒலித்தது. ஆனால் இதை வாங்கிக்கொண்டு கிளம்பினால், ஊரில் எந்த வீட்டு வாசலிலும் அவளால் நிமிர்ந்து நிற்க முடியாது.

"மீன் விக்கிற அம்மாவோட பையன், தையல்காரரோட பொண்ணு... இவங்ககிட்ட எப்படி மறுபடி எடுக்கறது சார்? அவங்க இப்ப இல்ல."

ஒருங்கிணைப்பாளர்தான் போனை எடுத்தார். "கல்லூரி முதல்வருக்குப் போடறேன். சார், நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

தலைவர் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

ஊர் திரும்பியவள் மகளைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். பிறகு மகளையும் கூட்டிக்கொண்டு மீன்காரம்மாவின் வீட்டுக்குப் போனாள்.

"வந்துட்டியா டாக்டரம்மா? என் புள்ளை எதனால போனான்னு தெரிஞ்சுதா?"

"தெரியல. இனிமே தெரியவும் வழியில்ல. ஏன்னு சொல்லத்தான் வந்தேன்."

அந்த அம்மா அவளை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. மருத்துவர் வாசலில் நின்றபடியே, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.