ஒருவழிச் சொல்

காலை ஆறரைக்கு விளிம்பூரில் சூரியனைப் போட்டார்கள். அது வழக்கம்போல இரண்டு தடவை சிமிட்டிவிட்டு எரிந்தது. பால்வீதியின் கடைசி ஓரத்தில் மிதக்கும் அந்தக் குடியிருப்புக்கு அன்று விடுமுறை. அலர்மேல் பக்கத்து விண்மீன் மண்டலத்துக்குக் கிளம்புகிறாள்.

ஒளிக்கே இருபத்தைந்து லட்சம் வருஷம் பிடிக்கிற தூரம் அது. வெளிமடிப்பில் மூன்றே மூச்சு. வெளியைப் புடவைபோல் மடித்து, தலைப்போடு தலைப்பு சேரும் இடத்தில் தாண்டிவிடுவது. ஒரு மடிப்புக்கு வேண்டிய ஆற்றலைச் சேர்க்க ஊருக்கு அறுபது வருஷம் ஆகியிருந்தது. ஆகவே போகலாம், திரும்ப முடியாது. அலருக்கு அதில் வருத்தமில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். இருபது வருஷமாக அந்த ஒரே பைத்தியம். பன்னிரண்டு மணிக்குள் கிளம்பாவிட்டால் ஆற்றல் கசிந்துபோகும். அவள் ஆயுளில் இன்னொரு வாய்ப்பு கிடையாது.

கிளம்புவதற்குத் தேவை பயணியின் வாய்ச்சொல். யாரையும் கட்டாயப்படுத்தி ஏற்றிவிடக் கூடாதே என்று, சாத்தியக்கூறு ஆய்வுக் குழுத் தலைவர் முனைவர் மகுடபதி எழுதிய விதி: “பயணி வாயால் சொன்னதே இறுதி. மனதில் என்ன இருந்தது என்று கலம் ஆராயலாகாது.” இந்த இரண்டு வரிக்கு அவருக்கு ஏழு பொன்னாடை விழுந்தது.

பதினொன்றே முக்காலுக்கு அலர் கலத்தின் வாசலில் நின்றாள். கீழே மேடையில் அவள் அக்கா குமுதா.

“போயிட்டு வரேன்க்கா.”

“இருவழிப் பயணம் கேட்கப்பட்டுள்ளது,” என்றது கலம். “திரும்ப ஆற்றல் இல்லை. சாத்தியமில்லை.”

அலர் தொண்டையைச் செருமிக்கொண்டாள். “போ...”

“அடியே! போறேன்னு மட்டும் சொல்லிடாதே!”

“சொன்னாத்தான்க்கா கதவு மூடும்.”

“மூடாட்டி போகட்டும். போயிட்டு வரேன்னு சொல்லு. இல்லே, இறங்கி வா, சாப்பிடலாம்.”

போவதற்கு அலர் தயார். ஆனால் அந்தச் சொல்லை அக்காவின் காதில் ஆயுசுக்கும் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

மகுடபதி விடுவிடுவென்று கலத்துக்குள் ஏறினார். “மூடநம்பிக்கை ஒழிந்து நானூறு ஆண்டுகள் ஆகின்றன! ‘போகிறேன்’ என்பது வெறும் வினைமுற்று. எங்கே, சொல் அம்மா.”

“ஐயா காலையில வீட்ல அப்படித்தான் சொல்லிட்டுக் கிளம்பினீங்களா?” என்றாள் குமுதா.

அவர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். மணி பதினொன்று ஐம்பத்தாறு.

“அறுபது ஆண்டு உழைப்பு வீண்! இனி உங்கள் பாடு. எனக்கு ஒரு பாராட்டு விழா இருக்கிறது. வரேன்.”

“மகிழ்ச்சி, வாருங்கள்,” என்றது கலம். “ஒருவழி. பயணி ஒன்று பதிவாயிற்று.” இருக்கையிலிருந்து பட்டை நீண்டு அவரை இழுத்து உட்கார வைத்தது.

“ஐயோ, நான் வீட்டுக்குக் கிளம்புவதாக அல்லவா சொன்னேன்!”

“மனதில் இருந்ததை ஆராய எனக்கு அனுமதி இல்லை, ஐயா.”

அலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. அவள் வாசலில் நின்றபடியே அக்காவை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

“அக்கா... வரேன்.”

“ம், சமத்து!” குமுதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பார்த்துப் போயிட்டு வா.”

கதவு மூடியது. மூன்று மூச்சுக்குப் பின் கலம் நின்ற இடம் காலியாக இருந்தது.

குமுதா வீட்டுக்கு வந்தபோது, பெருக்கும் எந்திரம் வழக்கம்போலச் சுவரைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. பதறிப்போய் அதை நிறுத்தினாள். ஆள் கிளம்பின கையோடு யாராவது வீட்டைப் பெருக்குவார்களா? போய்ச் சேர்ந்த தகவல் வரட்டும்.

தகவலுக்கு மடிப்பு கிடையாது. அது ஒளியின் வேகத்தில்தான் வரும்.

மகுடபதி வீட்டிலும் இன்னும் பெருக்கவில்லை என்று கேள்வி.