மச்சுக்குக் கதவு வைத்தவன்

"பொருள் வரவு ஒன்று. எடை அறுபத்தொரு கிலோ. வெயிலும் ஈரமும் படாமல் பாதுகாக்கப்படும்."

இப்படி அறிவித்துவிட்டு, மாடியிலிருந்த மச்சு அறையின் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. விளக்கும் அணைந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட பொருள், ததேயுவின் அக்கா லூர்தம்மாள்.

தூத்துக்குடியில் சான்றுக்கல் கட்டாயமாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. அனுமதி பெற்ற வரைபடத்தைத் தனக்குள்ளேயே பதித்து வைத்திருக்கும் செங்கல் அது. படத்தில் என்ன எழுதியிருக்கிறதோ, அறை அப்படியே நடந்துகொள்ளும். லஞ்சம் வாங்காது, கெஞ்சினாலும் இரங்காது. நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? படத்திலேயே பொய் எழுதினார்கள். ஆள் தங்கும் அறை என்றால் ஒன்பதடி உயரம், சன்னல், பக்கத்து வீட்டார் சம்மதம் எல்லாம் வேண்டும். சாமான் அறை என்றால் பத்து நிமிடத்தில் அனுமதி. கதவு இல்லாவிட்டால் சான்றுக்கல்லால் யாரையும் உள்ளே பூட்டிவைக்க முடியாது என்பதால், தெரு முழுக்க மாடி அறைகளில் திரைச்சீலைதான் தொங்கியது.

ததேயுவின் மச்சும் படத்தில் சாமான் அறைதான்; ஆனால் அக்கா கௌரவமாக இருக்கட்டும் என்று அவன் தேக்கில் கதவு போட்டிருந்தான். அன்பு செய்த வேலை அது.

சுவரில் உள்ளங்கையை அழுத்தி, "பொருளை எடுக்கிறேன்" என்றான். கதவு திறந்தது. லூர்தம்மாள் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"இருபத்திரெண்டு வருசம் வெளிநாட்டுல வீட்டு வேல பாத்தேன். அங்கயும் ஸ்டோர் ரூம்லதாம்ல படுக்கச் சொன்னாவ. இங்கயுமா?"

"அக்கா, அது சும்மா பேப்பர்ல எழுதுனது..."

"எனக்குன்னு ஒரு ரூம் இருந்தா இங்க இருக்கேன். இல்லன்னா திங்கக்கிழம ஆஸ்டலுக்குப் போறேன்."

அவள் கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. சாதாரணமாகச் சொன்னதுதான் ததேயுவைச் சுட்டது. அன்றைக்கே திருத்த மனு போட்டான். வார்டு அலுவலகத்தில் அனுமதி வழங்கும் இசைவுப்பொறி விதியைச் சொன்னது: கூரையை இரண்டடி உயர்த்த வேண்டும், புதுச் சன்னல் பக்கத்து வீட்டு முற்றத்தைப் பார்ப்பதால் பேச்சியம்மாள் சம்மதிக்க வேண்டும்.

"சன்னல்தான, வச்சுக்கோ" என்று பேச்சியம்மாள் பொதுச்சுவரில் கை வைத்தாள். கல் உடனே கேட்டது: "சம்மதம் தருபவர் வீட்டு விவரமும் சரிதானா? மாடியில் தண்ணீர்த் தொட்டி அறை. வசிப்போர் யாருமில்லை."

அவள் கையை வெடுக்கென்று இழுத்தாள். அந்த அறையில்தான் மகனும் மருமகளும் குடியிருந்தார்கள்.

"உண்மையச் சொன்னா இடிச்சிருவானா, ததேயு?"

"தெரியல அத்த. உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

பேச்சியம்மாள் லூர்தம்மாளைப் பார்த்தாள். பிறகு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மருமகளைப் பார்த்தாள்.

"அவ மாசமா இருக்கா. பிள்ளையும் தொட்டிக் கணக்குலயா வளரணும்?" என்று சொல்லிவிட்டு மறுபடி கை வைத்தாள்.

அந்த அறைக்கும் சம்மதம் வேண்டும் என்று அவள் வீட்டுச் சுவர் அடுத்த வீட்டைக் கேட்டது, அது அதற்கடுத்ததை. முதல் நாள் சண்டை, சாபம், எல்லாம் இருந்தது. மூன்றாம் நாள் மாலைக்குள் தெரு மொத்தமும் உண்மை சொல்லியிருந்தது. எல்லாரும் இடிப்பு ஆணைக்காகப் பயந்துகொண்டு காத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பொறியின் பதில் வந்தது. "லூர்தம்மாள் வசிக்கும் அறைக்கு அனுமதி. அதன் கூரையை உயர்த்தவும் மற்ற அறைகளைச் சரிசெய்யவும் ஓராண்டு அவகாசம். இதுவரை இத்தெருவில் வசிப்போர் நாற்பத்தொரு பேர் என்று சொல்லப்பட்டிருந்தது. உண்மையில் தொண்ணூற்றேழு பேர். அதன்படி குடிநீர் அளவு இன்றுமுதல் உயர்த்தப்படுகிறது."

அன்று மாலை முதன்முறையாக மச்சுக் குழாய்வரை தண்ணீர் ஏறியது. பெட்டியைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த லூர்தம்மாள் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"தண்ணி பத்தலன்னு வருசா வருசம் மறியல் பண்ணுனோம்னியே, யாரு மேலலே புகார் குடுத்தீங்க?"

ததேயு அடுத்த குடத்தை வைத்தான். தண்ணீர் கேட்டு வருடத்துக்கொன்றாகக் கொடுத்த பதினைந்து புகார் மனுக்களிலும் முதல் கையெழுத்து அவனுடையதுதான்.