உதட்டில் கவ்விய மொட்டு

பசுமைக் குடிலின் கதவைத் திறந்ததுமே ஹெர்மினாவின் மூக்கில் ஏறியது ரோஜா மணமல்ல, ஈரமண்ணும் அல்ல. பால் அடிப்பிடித்த வாடை. நவம்பர் மழை கண்ணாடிக் கூரையில் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தது. மாலைக் காப்பி குடிப்பதற்குள் வெட்டரன் என்ற அந்தச் சிற்றூரே இருட்டிவிட்டது. குனிந்து ரோஜா ஒட்டுச்செடிகளின் அடித்தண்டைத் தடவினாள். நேற்று அவள் அறுத்தெறிந்த கட்டிகள் அத்தனையும் திரும்ப வந்திருந்தன. சொரசொரப்பாக. வெதுவெதுப்பாக.

வீட்டுக்குள் ஓடி, கெண்ட் நகர ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் தம்பி யோரிஸைத் தொலைபேசியில் பிடித்தாள். மொட்டுகளைத் தன் பாக்டீரியாத் தண்ணீரில் நனைத்து ஒட்டுக்கட்டக் கொடுத்தவன் அவன்தான்.

"கட்டி வரவே கூடாதேக்கா! அந்த பாக்டீரியாவுக்குள்ள ஒரு சின்ன வளையம் இருக்கு. அதுல ஒரு துண்டு, காயம் வழியா செடிக்குள்ள பூந்து அதோட மரபணுவுலயே தச்சுக்கும். 'வீங்கு, எனக்குப் பிடிச்ச சாப்பாட்ட ஆக்கிப்போடு'ன்னு உத்தரவு. அத வெட்டிட்டு, பூச்சி அண்டாத குணத்த வச்சு அனுப்பினோம்."

"பாக்டீரியாவக் கொன்னுட்டா?"

"கொன்னாலும் உத்தரவு உள்ளயே நிக்கும். அடுத்தவன் சொன்னதுன்னு செடிக்குத் தெரியாதுக்கா. தன்னோட ஆசைன்னு நெனச்சு ஆக்கிக்கிட்டே இருக்கும்."

"மனுஷங்களுக்கு?"

"ஒட்டாது. அத்தான் என்ன ரோஜாச் செடியா?" என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒட்டுக்கட்டும்போது மொட்டு காயாமலிருக்க அதை உதட்டில் கவ்விக்கொள்வது அவள் கணவன் அகீலின் பழக்கம். அந்த ஊர் ஒட்டுக்காரர்கள் எல்லாருக்குமே அதுதான் பழக்கம். படித்த தம்பி கைக்கு உறை கொடுத்தான், வாயை மறந்துவிட்டான். கோடையில் வெடித்திருந்த அகீலின் கீழுதட்டில் இப்போது பட்டாணி போல ஒரு முடிச்சு. ஒரு வாரமாக அவன் எதையும் சாப்பிடவில்லை. ரொட்டியை நீட்டினாலும், கறியை நீட்டினாலும், "இது இல்ல." அவள் சமையலில் ஒருநாளும் குறை சொல்லாத மனுஷன். கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தான். தினமும் காலையில் அந்த உதட்டில்தான் முத்தமிட்டாள். இப்படியே போனால் அவன் செத்துப்போவான்.

கட்டிகளை மறுபடி அறுத்து வாளியில் நிரப்பி வந்தாள், அடுப்பில் போட்டு எரிக்க. அடுப்பின் வெப்பத்தில் வாடை சமையலறை முழுக்கப் பரவியது. இப்போது அது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. அவனுக்குக் கொஞ்சம் சூப்பாவது வைப்போம் என்று வெங்காயம் நறுக்கினாள். வெண்ணெய் உருகியது. மழை தட்டியது.

மாடிப்படி கிறீச்சிட்டது. ஒரு வாரமாக எழுந்திருக்காத கால்கள்.

"வாசனை ஆளத் தூக்குதே, ஹெர்மினா."

"உனக்காகத்தான்."

சொன்ன பிறகுதான் வாளியைப் பார்த்தாள். காலி.

எப்போது?

மூடியைத் தூக்கினாள். கொதிப்பில் கட்டிகள் மெல்ல உருண்டன. அலறியிருக்க வேண்டும்; அலறவில்லை. உப்புப் போட்டாள். அளவு சரியாக இருந்தது. இதற்கு எவ்வளவு உப்பு என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை.

வாயில் எச்சில் ஊறியது. விழுங்கும்போது கீழுதட்டின் உட்புறத்தில் நாக்கில் ஏதோ இடறியது. சின்னதாக. கெட்டியாக.

அகீல் கிண்ணத்தை நீட்டினான். "இதுதான்," என்றான், கண் கலங்க.

அவனுக்கு ஒரு கரண்டி ஊற்றினாள். பிறகு தனக்கும்.