சுரண்டப்பட்ட பெயர்

பாபகூரா என்ற புறநகரில் அந்தப் பழைய மரவீட்டின் முன் ஏர்னஸ்ட் தன் வான் வண்டியை நிறுத்தியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. சுவரில் ஒட்டிய வால்பேப்பரைச் சுரண்டும் வேலை. வீட்டை வாங்கிய கஜானி கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே ஈரக் காகிதமும் பழம்பசையும் மணத்தன.

"இந்த அறையிலதான் அண்ணை, ஹனோரா எண்டு ஒரு வெள்ளைக்காரி இருந்தவ. விக்டோரியா மகாராணி காலத்தில லண்டனில கனக்க நாவல் எழுதினவவாம். ஒருத்தரும் வாசிக்கேல்லை. இஞ்ச கூட வந்த தங்கச்சி ஒரேயொரு நாவல் எழுதினா. சனம் அள்ளிக்கொண்டு போச்சுது. பிறகென்ன, கையில அம்பிட்ட புத்தகத்தில எல்லாம் தங்கச்சின்ர பெயரை இவ நகத்தால சுரண்டிப்போட்டா."

"தங்கச்சி?"

"கடைசியில தன்ர பெயர் தனக்கே தெரியாமல் செத்தவவாம்." சிரித்துவிட்டுக் கஜானி உள்ளே போனாள்.

ஏர்னஸ்ட் சிரிக்கவில்லை. ஹனோராவின் எரிச்சல் அவனுக்கு விளங்கியது. சின்ன வயதிலிருந்து சீமெந்து சுமந்தவன், நாற்பதுக்குப் பிறகு மனைவி சறோஜாவிடம்தான் எழுத்துப் படித்தான். கோயில் ஆண்டு மலருக்கு இருவரும் கதை அனுப்பினார்கள். அவளுடையது அச்சில் வந்தது. பூசை முடிந்து சனமெல்லாம் அவளைச் சூழ்ந்து நின்றபோது, அவன் தனியே போய் வானுக்குள் இருந்துகொண்டான்.

இன்றைக்குச் சாப்பாட்டுப் பைக்குள் அந்த மலரையும் வைத்துவிட்டிருந்தாள், வாசிக்கட்டும் என்று. மதியம் சோற்றைத் தொடுமுன் பிரித்தான். கதையின் கீழே: சறோஜா ஏர்னஸ்ட்.

மலரைச் சுவரோரம் எறிந்தான்.

"இந்தா, இதையும் சுரண்டு," என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கைகழுவப் போனான்.

சர்… சர்…

அவனுடைய சுரண்டுதகடு வாளிக்குள் கிடந்தது.

ஓடிவந்து பார்த்தான். 'சறோஜா' இல்லை. அந்த இடத்தில் காகிதம் பஞ்சுபோலக் கிளம்பியிருந்தது. மிஞ்சியது ஒரு சொல்.

ஏர்னஸ்ட்.

பயந்திருக்க வேண்டியவன், அதைத் தடவிப் பார்த்தான். கல்யாணத்தால் அவள் பெயரின் வாலில் ஒட்டிய பெயர், இப்போது ஒரு முழுக் கதைக்குச் சொந்தமாகத் தனியே நின்றது.

தேத்தண்ணியோடு வந்த கஜானி எட்டிப் பார்த்தாள். "அட, நீங்களோ எழுதினது?"

"ஓம்," என்றான். "நான்தான்."

சுவருக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

சர்.

குனிந்தான். 'ஏ' பாதி போய்விட்டிருந்தது.

வேலையைப் போட்டது போட்டபடி வெளியே ஓடினான். வான் கதவில் பெயின்றால் எழுதியிருந்த அவன் பெயர் வெறும் கீறலாய்க் கிடந்தது. தன் வாயால் சொல்லிப் பார்த்தான். நாக்கு சும்மா புரண்டது.

வெஸ்ட்கேட்டில் இருந்த அவர்களுடைய புதுவீட்டுக்கு வண்டியை விரட்டினான். சுவரில் இன்னும் பெயின்ற் மணம். அடுப்படியில் நின்ற மனைவி திரும்பினாள்.

"கதை வாசிச்சனீங்களோ?"

"என்ர பெயரைச் சொல்லு."

அவள் முகம் சிவந்தது. கட்டிய நாளிலிருந்து 'இஞ்சாருங்கோ'தான். ஒருநாளும் அவன் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"இதென்ன புதுப் பழக்கம்?"

"சொல்லன். கெஞ்சிக் கேக்கிறன்."

வெட்கத்தோடு வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. சிரிப்பு மெல்ல அழிந்தது.

"இஞ்சாருங்கோ," என்றாள். "என்ர பெயரும் எனக்கு வருகுதில்லை."

அவளுக்குப் பின்னால், ஈரம் காயாத வெள்ளைச் சுவரில், உள்ளிருந்து ஒரு நகம் இறங்கியது.

சர்… சர்…