வெள்ளச்சி கேட்டாளா?

"ஜமால் சவுண்ட் சர்வீஸ்! இசைக்குழுவுக்கு எவ்வளவு அருமையான பெயர்!" என்று பிரேசில்காரர் ஒருவர் எழுதியிருந்தார்.

அஸ்ரப் நிஷாவுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அது கள்ளக்குறிச்சியில் அவள் அத்தா நடத்தும் மைக் செட் கடையின் பெயர். கடையிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் அவளும் அண்ணன் உமர் பாரூக்கும் தாளம் சேர்த்துப் பாட்டு செய்து இணையத்தில் போட்டார்கள். பெயர் யோசிக்கச் சோம்பல். கடைப் பலகையில் இருந்ததையே வைத்துவிட்டார்கள்.

அவர்களுடைய ஐந்தாவது பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. நாற்பத்தொரு நாடுகளில் கேட்டார்கள்! கரியாலூரில் ஒரு கல்யாணத்துக்கு மைக் செட் கட்டப் போனபோது, சாயங்காலம் யாரோ மாட்டைக் கூப்பிட்ட குரலை நிஷா போனில் பிடித்திருந்தாள். "வெள்ளச்சீ... வாம்மா... வா..." அந்தக் குரல்தான் பாட்டுக்கே உயிர்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் கரியாலூரில் ஒரு காதுகுத்து. ஸ்பீக்கர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க உமர் அந்தப் பாட்டையே போட்டான்.

ஒரு சிறுமி மூச்சிரைக்க ஓடி வந்தாள். ஸ்பீக்கருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"என் மாட்ட யாரு கூப்புடுறது? இது என் குரலாச்சே!"

உமருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நிஷா, வாயத் தொறக்காத. பாட்ட எடுக்கச் சொல்லிடப் போறா," என்று கிசுகிசுத்தான்.

நிஷாவுக்கும் பயம்தான். அந்தப் பாட்டு போனால் நாற்பத்தொரு நாடும் போச்சு! ஆனால் அந்தப் பெண்ணின் கண்ணில் நீர் நிற்கிறதே, எப்படிச் சும்மா இருப்பது?

"நான்தான் புடிச்சேன். உன்னக் கேக்காம போட்டது தப்பு. வேணாம்னு சொன்னா இப்பவே எடுத்துடறோம்," என்றாள்.

செவ்வந்தி என்ற அந்தச் சிறுமி கண்ணைத் துடைத்தாள். "அன்னிக்குக் காலையிலதான் வெள்ளச்சிய வித்துட்டாங்க. பொழுது சாஞ்சதும் பழக்கத்துல கூப்ட்டுட்டேன்."

"ஒலகமே உன் குரலக் கேக்குது, தெரியுமா?" என்றான் உமர்.

"வெள்ளச்சி கேட்டாளா?"

உமர் பாட்டை நிறுத்தினான்.

"யாருக்கு வித்தீங்க?" என்று கேட்டாள் நிஷா.

"மூங்கில்துறைப்பட்டுல, நாராயணசாமின்னு கரும்பு போடுறவரு."

அந்த ஞாயிற்றுக்கிழமையே நிஷா அத்தாவை நச்சரித்து, அண்ணனையும் இழுத்துக்கொண்டு அங்கே போய் நின்றாள்.

"மாட்டுக்குப் பாட்டா? இன்னா பாப்பா, வெளையாடிக்கினு இருக்கியா?" என்று நாராயணசாமி சிரித்தார். இருந்தாலும் மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார்.

நிஷா தாளத்தையெல்லாம் எடுத்துவிட்டுக் குரலை மட்டும் போட்டாள்.

அசைபோட்டுக்கொண்டிருந்த வெள்ளச்சி சட்டென்று நிறுத்தினாள். காதுகளை விடைத்தாள். கயிற்றை இழுத்துக்கொண்டு "ம்ம்ம்மா!" என்று கத்தினாள் பாருங்கள், நாராயணசாமியே இரண்டடி பின்னால் போய்விட்டார். உமர் அதை அப்படியே போனில் பிடித்துக்கொண்டான்.

அடுத்த வாரம் கரியாலூரில் செவ்வந்தி அந்தப் போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள். அழுதாள். சிரித்தாள். மறுபடி அழுதாள்.

"பாட்ட வெச்சிக்கலாமா?" என்று நிஷா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"வெச்சிக்க. ஆனா நான் கூப்ட்டு முடிச்சதும் இவ குரலயும் சேத்துடு. அதான் பதில் சொல்லிட்டாளே!"

சொல்லிவிட்டு மறுபடியும் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். சார்ஜ் தீர்ந்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தாள்.