ஒன்று நாற்பதில் ஒரு டிக்

புது இசைத்தட்டில் அந்தச் சத்தம் இருக்கக் கூடாது.

வில்ஃப் முள்ளைத் தூக்கி மறுபடி வைத்தார். ஒரு நிமிடம் நாற்பது நொடி, இரண்டாம் சரணம் முடிந்து டிரம் ஓயும் இடம். டிக்.

அந்த டிக் அவருக்குச் சொந்தமானது. அந்தப் பாட்டு, ராச்டேல் ஊர்ப் பையன்கள் நாலு பேர் அறுபத்தாறில் போட்ட ஒரே சிங்கிள், ஒற்றைப் பாட்டுத் தட்டு. அச்சடித்தது முந்நூறு, மிஞ்சியது ஐந்தோ ஆறோ. அதில் ஒன்று வில்ஃபிடம். எண்பத்தொன்றில் அவர் மனைவி டோரீன் தூசி துடைக்கும்போது கல்யாண மோதிரத்தால் அதைக் கீறிவிட்டாள். அதிலிருந்து அந்த இடத்தில் ஒரு டிக். அன்றைக்கே அலமாரிக்குப் பூட்டு வாங்கினார். பாட்டு ஓடும்போது முன்னறைக்குள் வராதே என்றார். அவள் உட்காரும் எதிர் நாற்காலியில் தட்டுப் பெட்டிகளை அடுக்கி வைத்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் அவள் சமையலறையில் உட்கார்ந்து மூடிய கதவு வழியாகத்தான் கேட்டாள். பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அவர் அந்தத் தட்டை வெளியே எடுக்கவேயில்லை.

இப்போது லண்டனில் யாரோ அதை மறுபடி போட்டிருக்கிறார்கள். புதுத் தட்டு, சி.டி., கேசட் என்று மூன்று விதமாக. மூல நாடா தொலைந்துவிட்டதாம், அவருக்குப் போட்டியாகத் தட்டு சேர்க்கும் பழைய சிநேகிதன் நெவில் கிராப்ட்ரீயின் அருமையான பிரதியிலிருந்து எடுத்தார்களாம், உறையில் நன்றி வேறு. நெவ் மூன்றையும் தபாலில் அனுப்பியிருந்தான். பெருமை பீற்றத்தான், வேறெதற்கு? மூன்றும் குப்பை என்று எழுதி அனுப்ப வில்ஃப் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார். நவம்பர் மாதம், நாலு மணிக்கே ஜன்னல் கறுத்துவிட்டது. புதுத் தட்டில் கிடார் சேற்றில் புதைந்து கிடக்கிறது என்று எழுதினார். சி.டி.யில் பாடுகிறவன் காதுக்குள் கத்துகிறான் என்று எழுதினார். பிறகு பென்சிலைக் கீழே வைத்தார்.

சி.டி.யிலும் டிக். இரைச்சலையெல்லாம் கழுவித் துடைத்து எடுத்திருந்ததால் அது தனியாக, பளிச்சென்று கேட்டது. கீறல் சத்தம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும், பொரி வெடிக்கிற மாதிரி வறண்டிருக்கும். இது வேறு. உருண்டையாக, மரத்தில் உலோகம் பட்ட மாதிரி.

கேசட்டைப் போட்டார். மழை பெய்கிற மாதிரி நாடாவின் இரைச்சல், அதற்கடியில் பாட்டு, பாட்டுக்கும் அடியில், டிக்குக்குச் சற்று முன்னால், நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. டிக்குக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்து விட்டார்கள்.

தட்டிலிருந்து பதிவு செய்யும்போது முள்ளிலிருந்து கருவிக்கு ஒரு கம்பி போகும், அவ்வளவுதான். அறைச் சத்தம் அதில் ஏற வழியே இல்லை. அது அவருக்குத் தெரியும். ஆனால் வயிற்றெரிச்சல் வேறு கணக்குப் போட்டது. போன வருஷம் இடுப்பு ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்போது டோரீன் பூட்டைத் திறந்திருக்கிறாள். நெவ் இங்கே வந்திருக்கிறான். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து...

போனை எடுத்தார்.

"என் தட்டை எப்படா எடுத்த?"

"உன் தட்டா? அது என்னோடதுடா கிழவா. ஸ்டாக்போர்ட் சந்தையில வாங்கினேன். அந்த வயித்தெரிச்சல்ல ரெண்டு மாசம் என்கூடப் பேசாம இருந்தியே, மறந்துபோச்சா?"

அப்படியானால் அந்த டிக் எங்கிருந்து வந்தது என்று வில்ஃப் கேட்டார். அதில் டிக்கும் இல்லை டக்கும் இல்லை, முப்பது தடவை கேட்டாயிற்று, போய்க் காதைக் கழுவு என்றான் நெவ். வில்ஃப் போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டி கேசட்டை ஓடவிட்டார்.

இன்னொரு தடவை போடச் சொன்னான் நெவ்.

"அது டோரீன்டா," என்றான்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். வியாழக்கிழமைகளில் அவள் வில்ஃபிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியது பிங்கோ சூதாட்டத்துக்கு இல்லை. இருபது வருஷமாக அவன் வீட்டுக்குத்தான் வந்தாள். அவன் பெண்டாட்டி எட்னா டீ போட்டுக் கொடுப்பாள். டோரீன் அந்த ஒரு பாட்டைத்தான் கேட்பாள். டிரம் ஓய்கிற இடத்தில் நாற்காலிக் கையில் மோதிரத்தால் ஒரு தட்டு, ஒவ்வொரு தடவையும்.

"உன் வீட்டுல உக்கார இடமில்லன்னு சொன்னா வில்ஃப். நான் என்ன செய்யட்டும்?"

வில்ஃப் போனை வைத்தார். நெவ் அவளைத் தொட்டிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. அவர் பாட்டை இன்னொருத்தன் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். இருபது வருஷ வியாழக்கிழமைகள்.

இன்றைக்கும் வியாழன்.

அலமாரியைத் திறந்து தன் தட்டை எடுத்து, விளக்கடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கீறலைத் தேடினார். அந்த டிக் முதலில் கேட்ட அன்று அவளைத்தான் திட்டினார். தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை.

கீறல் இல்லை. மழமழவென்று இருந்தது.

முள்ளை வைத்தார். சரணம் முடிந்தது. டிரம் ஓய்ந்தது. ஒன்றுமில்லை.

அப்படியானால் இத்தனை வருஷம் அவர் கேட்ட டிக் தட்டிலிருந்து வரவில்லை. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. சமையலறை மேஜையிலிருந்து.

பயத்தைவிட எரிச்சல்தான் முந்திக்கொண்டது. சமையலறைப் பக்கம் திரும்பி, "அவன் வீட்டுக்கெல்லாம் போக வேணாம்," என்றார். "கேக்கணும்னா இங்க வந்து கேளு."

முள் கடைசி வளையத்துக்கு வந்து உரசிக்கொண்டிருந்தது. எழுந்து நிறுத்தினார்.

சமையலறைக் கதவு திறந்தது. ஈர மண் வாசனை வந்தது. தரையில் செருப்புத் தேய்கிற சத்தம். அவர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டுப் பெட்டி தரையில் இறங்கியது. இன்னொன்று. நிதானமாக. நாற்பது வருஷம் பொறுத்தவள் அவசரப்படவில்லை.

கடைசிப் பெட்டி.

நாற்காலி கிறீச்சிட்டது.

திரும்பினார். நாற்காலி காலி. மெத்தை மட்டும் குழிந்திருந்தது. குழியைச் சுற்றித் துணி ஈரத்தில் கறுத்துக்கொண்டே போனது. மரக்கையின் மேல் களிமண் அப்பிய மோதிரம். அதை விரலோடு சேர்த்துப் புதைத்தது அவர்தான். மோதிரத்துக்குள் விரல் இல்லை.

தட்டு ஓடவில்லை.

மோதிரம் மெல்ல உயர்ந்தது. தட்டியது.

மறுபடி உயர்ந்தது.